கண்ணுக்குள் வைக்கும் வில்லைக்குச் சரியான அளவைத் தெரிவுசெய்தல்: கொழும்பில் ஐ.சி.எல். சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாவோருக்கான முழுமையான வழிகாட்டி

குறும்பார்வை மிகுந்தவர்களுக்கும், விழிவெண்படலம் (கண்ணின் முன்புறத்திலுள்ள ஒளிபுகும் படலம், கோர்னியா) மெலிந்திருப்பதால் லேசிக் என்னும் லேசர் சிகிச்சை பொருந்தாது என்று சொல்லப்பட்டவர்களுக்கும், இயற்கை வில்லையை அகற்றாமல் அதற்கு முன்னால் இன்னொரு மெல்லிய வில்லையை வைத்துப் பார்வையைத் திருத்தும் முறை ஒன்று உள்ளது. ஐ.சி.எல். என்ற மூன்றெழுத்தில் அது பரவலாக அறியப்படுகிறது. இதற்காகக் கண் வைத்தியரைச் சனல் செய்து போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைத் தயாராக வைத்திருப்பார்கள்: எவ்வளவு செலவாகும், நோகுமா, கண்ணாடியை முற்றாகக் கழற்றிவிடலாமா. வில்லையின் அளவு என்ன, அதை எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எனது பார்வையில், கேட்கவேண்டிய முதற் கேள்வியே அதுதான்.

பவரும் அளவும் வெவ்வேறு என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பவர் என்பது டயொப்டரில் சொல்லப்படுவது. உங்கள் கண்ணாடிச் சீட்டிலிருந்தும் விழிவெண்படலத்தின் வளைவிலிருந்தும் அது கணக்கிடப்படுகிறது. அளவு என்பது வில்லை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எத்தனை மில்லிமீற்றர் நீளம் என்பது. பவரில் சிறு பிசகு நேர்ந்தால் இரவில் வாகனம் ஓட்டுவதற்கு மெல்லிய கண்ணாடி ஒன்று தேவைப்படலாம், அவ்வளவுதான். அளவில் பிசகு நேர்ந்தால் பார்வை 6/6 ஆக இருந்தபோதிலும் வில்லையை வெளியே எடுக்கவேண்டிய நிலை வரலாம்.

வில்லை எங்கே அமர்கிறது

கண்மணியைச் சூழ்ந்த நிறப்பகுதியான கதிராளிக்குப் பின்னால், இயற்கை வில்லைக்கு முன்னால், குறுகலான ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியின் ஓரத்தில், கதிராளியின் வேருக்கும் அதன் பின்னாலுள்ள பிசிர்முளைகள் என்னும் சிறு மடிப்புகளுக்கும் நடுவே, கண்ணைச் சுற்றிவர ஒரு பள்ளம் ஓடுகிறது. வைத்தியர்கள் இதைச் சல்கஸ் என்பார்கள். ஐ.சி.எல். வில்லையின் நான்கு மூலைகளும் இந்தப் பள்ளத்தில் ஊன்றி நிற்க, அதன் நடுப்பகுதி இயற்கை வில்லையைத் தொடாமல் மேலே வளைந்து நிற்கும். அவ்வாறு வளைந்து நிற்கும்போது இரண்டு வில்லைகளுக்கும் இடையில் நடுவில் எஞ்சும் தூரத்துக்கு வோல்ட் என்று பெயர். அறிக்கையில் இது மைக்ரோனில் குறிக்கப்படும். ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீற்றர்.

அளவுத் தெரிவின் நோக்கம் முழுவதும் இந்த ஒரு எண்ணைச் சரியான எல்லைக்குள் கொண்டுவருவதுதான். ஏறத்தாழ 250 முதல் 750 மைக்ரோன் வரையிலான வோல்ட்டைப் பெரும்பாலான வைத்தியர்கள் நல்லதென ஏற்கிறார்கள். சிலர் 1000 வரையும் பொறுத்துப் பார்ப்பார்கள்.

வில்லை பள்ளத்தின் விட்டத்தைவிட மிகவும் பெரிதாக இருந்தால், இரு முனைகளும் நெருக்கப்பட்டு நடுப்பகுதி அதிகமாக வளைந்தெழும். அது கதிராளியை முன்னோக்கித் தள்ள, கண்ணின் திரவம் வடிந்து வெளியேறும் மூலை ஒடுங்கும், கண்ணழுத்தம் உயரலாம், கதிராளியின் பின்புறம் வில்லையில் உரசி நிறமித் துகள்கள் உதிரலாம், கண்மணி சுருங்கி விரிவதிலும் கோளாறு தோன்றலாம். வில்லை மிகச் சிறிதாக இருந்தால் எதிர்மாறானது நடக்கும்: நடுப்பகுதி தாழ்ந்து இயற்கை வில்லையை நெருங்கி அல்லது தொட்டு, அதன் முன்பக்கத்தில் வெண்புரை உருவாக வழிவிடும். அதோடு, பிடிமானம் இல்லாத வில்லை கண்ணுக்குள் சுழலவும் கூடும். சிலிண்டர் பவரையும் (திசைக்குத் திசை மாறும் பவர், அஸ்டிக்மட்டிசம்) திருத்தும் டொறிக் வில்லையாக இருந்தால் இது பெரும் தொல்லை. அத்தகைய வில்லை ஒரு பாகை சுழல்வதற்குத் திருத்தத்தில் சுமார் 3 சதவீதம் வீதம் இழந்து, 30 பாகை சுழன்றால் சிலிண்டர் திருத்தத்தின் பயன் முழுவதையும் இழந்துவிடும்.

அமெரிக்காவின் ஸ்டார் சர்ஜிக்கல் நிறுவனத்தின் ஐ.சி.எல். வில்லைகள் குறும்பார்வைக்கு நான்கு அளவுகளிலேயே வருகின்றன: 12.1, 12.6, 13.2, 13.7 மில்லிமீற்றர். மனிதக் கண்களோ நான்கு அளவுகளில் படைக்கப்படவில்லை. செருப்புக் கடையில் போட்டுப் பார்த்து வாங்குவதைப்போல இதைப் போட்டுப் பார்க்கவும் முடியாது. ஆகவே உங்கள் கண் இரண்டு அளவுகளுக்கு இடையில் விழுமானால், எந்தப் பக்கம் சாய்வது என்பதை வைத்தியர் ஒருவர் யோசித்து முடிவெடுத்தே ஆகவேண்டும். அந்த முடிவுக்கு அடிப்படையாகும் அளவீடுகள் எவ்வளவு துல்லியமோ, முடிவும் அவ்வளவே துல்லியமாக இருக்கும்.

அளவெடுக்கப் போவதற்கு முன்

கொன்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் ஓரிரு வாரங்கள், கடினமான லென்ஸ் என்றால் அதைவிடக் கூடுதலான வாரங்கள். எத்தனை நாள் என்பதை உங்கள் வைத்தியசாலை சொல்லும். லென்ஸ் விழிவெண்படலத்தின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிவிடுவதே காரணம். வெள்ளவத்தையில் வேலை முடிந்த கையோடு, லென்ஸைக் கழற்றிச் சிறு பெட்டிக்குள் போட்டுக்கொண்டு நேரே அளவீட்டு அறைக்கு வந்து அமர்கிற இளைஞர்கள் உண்டு. அன்றைய அளவீட்டில் பவர்க் கணக்கு பிழைக்கும். இன்னொரு நாள் திரும்பவும் வரவேண்டியதாகும்.

கண்ணாடிப் பவர் குறைந்தது ஓராண்டாக மாறாமல் இருந்திருக்க வேண்டும். பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு போவது நல்லது. வாய்மொழியாகச் சொல்வதைவிட அது பலமடங்கு உதவும். 2022 இல் வழங்கப்பட்ட அமெரிக்க அனுமதியின்படி இந்த வில்லை 21 முதல் 45 வயது வரையிலானவர்களுக்கானது. கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டும் தாய்மாரும் பொறுத்திருக்க வேண்டும். விழிவெண்படலத்தின் உட்பக்கக் கலங்களின் அடர்த்தியும் எண்ணப்பட வேண்டும். அந்தக் கலங்கள் இழந்தால் மீள வளராதவை.

குறும்பார்வை மிகுந்த கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும் என்பதால், கண்மணியை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்க்கும் பரிசோதனையும் அவசியம். ஐ.சி.எல். வைத்தால் கண்ணாடி போகும். நீண்ட கண்ணின் விழித்திரைக்குள்ள அபாயம் அப்படியே இருக்கும். இதைப் பலர் விளங்கிக்கொள்வதில்லை.

இன்னொரு விடயம், கொழும்பில் தமிழ் பேசும் முஸ்லிம் வாசகர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டியது. ஸ்டார் நிறுவனத்தின் கொலமர் என்னும் மூலப்பொருளில் பன்றியிலிருந்து பெறப்பட்ட கொலாஜன் மிகச் சிறிய அளவில் சேர்ந்திருக்கிறது. தயாரிப்பு விபரத் தாளிலேயே எழுதப்பட்டிருக்கும் இச்செய்தியைச் சத்திரசிகிச்சை மேசையில் வைத்து அறிவது எவருக்கும் உகந்ததன்று. மார்க்க அறிஞரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். அல்லது கொலாஜன் சேராத அக்ரிலிக் வகை வில்லைகளைப் பற்றி வைத்தியரிடம் விசாரிக்கலாம். இந்தியாவில் தயாராகும் ஐ.பி.சி.எல். போன்றவை அவ்வகையைச் சேர்ந்தவை. எதைத் தெரிந்தாலும், அந்தக் குறிப்பிட்ட வில்லை தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவானதா என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நாட்டில் மருத்துவ உபகரணங்களையும் அந்தச் சபையே ஒழுங்குபடுத்துகிறது.

அளவீடு: எந்த எண், எந்த இயந்திரம்

உண்மையில் அளக்கவேண்டியது சல்கஸ் பள்ளத்தின் விட்டம். சிக்கல் என்னவென்றால், அது கதிராளிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. கதிராளியின் பின்புறத்திலுள்ள கரிய நிறமிப் படை ஒளியைத் தடுத்துவிடுவதால், ஒளியைக் கொண்டு படமெடுக்கும் எந்த இயந்திரத்துக்கும் அந்தப் பள்ளம் தெரிவதில்லை. அதனால் நீண்ட காலமாக, வெளியில் தெரிகிற ஒன்றை அளந்து, உள்ளே இருப்பதை ஊகிக்கும் முறையே பின்பற்றப்படுகிறது.

வெளியில் அளக்கப்படுவது விழிவெண்படலத்தின் கிடை விட்டம். கண்ணின் கரும்பகுதி தொடங்கும் ஒரு பக்க வெள்ளை விளிம்பிலிருந்து மறுபக்க வெள்ளை விளிம்புவரை உள்ள தூரம் அது, அறிக்கையில் டபிள்யூ.டி.டபிள்யூ. என்று இருக்கும், பேச்சில் வைட் டு வைட். பெரும்பாலானோருக்கு இது 11 முதல் 12.5 மில்லிமீற்றருக்குள் அடங்கும். இரண்டாவது எண், முன்னறையின், அதாவது விழிவெண்படலத்துக்கும் இயற்கை வில்லைக்கும் இடையிலுள்ள வெளியின், ஆழம், அறிக்கையில் ஏ.சி.டி. இவ்விரண்டையும் கொண்டுதான் தயாரிப்பாளரின் அட்டவணை அளவைச் சொல்கிறது.

ஏ.சி.டி. பற்றி ஒரு நுணுக்கத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அறிக்கைகளை ஒப்பிடும்போது அதிகமான குழப்பம் இதில்தான் நேர்கிறது. சில இயந்திரங்கள் விழிவெண்படலத்தின் வெளிப்பரப்பிலிருந்து இயற்கை வில்லைவரை அளக்கின்றன, ஐ.ஓ.எல். மாஸ்டர் அத்தகையது. ஐ.சி.எல். கணக்குக்குத் தேவையானதோ உட்பரப்பிலிருந்து அளந்த ஆழம். பென்டகாம் போன்ற இயந்திரத்தில் இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரிவுசெய்ய முடியும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் விழிவெண்படலத்தின் தடிப்பு, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். வெளியிலிருந்து அளந்த ஆழம் 3.50 என்றும் படலத்தின் தடிப்பு 540 மைக்ரோன் என்றும் வைத்துக்கொண்டால், உள்ளாழம் 2.96 மட்டுமே. அமெரிக்க அனுமதி கேட்கும் குறைந்த உள்ளாழம் 3.0, ஐரோப்பாவில் 2.8. ஒரே கண், ஒரே நாள். எந்த எண்ணை எழுதினோம் என்பதைப் பொறுத்து அந்த நபர் தகுதியுடையவராகவும் தகுதியற்றவராகவும் மாறிவிடுகிறார். ஆகவே உங்கள் கையில் கிடைக்கும் அறிக்கையில் ஏ.சி.டி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ளாழமா வெளியாழமா என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

வைட் டு வைட் அளவும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். 0.2 மில்லிமீற்றர் வேறுபாடு சர்வசாதாரணம். கரும்பகுதிக்கும் வெள்ளைக்கும் இடையே கத்தி வெட்டியதுபோன்ற எல்லை எதுவும் இல்லை. சாம்பல் நிறமாக மங்கிச் செல்லும் ஓர் ஓரம்தான் இருக்கிறது, ஒவ்வொரு மென்பொருளும் தனது விதிப்படி எங்கோ ஒரு கோடு போடுகிறது. நிறமி படிந்த கண்ணிலும், முதியோர் கண்ணில் காணும் வெண்வளையம் இளவயதிலேயே தோன்றிய கண்ணிலும், இந்தக் கோடு மேலும் தடுமாறும். ஒரு நல்ல அளவீட்டாளர் திரையில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழுதமாட்டார். இயந்திரம் போட்ட வளையம் உண்மையில் விளிம்பின்மேல் நிற்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார், கண்ணிமையோ மயிரோ மறைத்திருந்தால் மீண்டும் எடுப்பார்.

இதற்கும் மேலே போகக்கூடிய வழிகள் இரண்டு உண்டு.

ஒன்று, ஒலியால் அளப்பது. யு.பி.எம். எனப்படும் உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்ட் கதிராளியைத் தாண்டிச் செல்வதால் சல்கஸ் பள்ளத்தை நேரே காட்டுகிறது. மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். கண்ணில் மரத்துப்போகும் துளிகளை விட்டு, இமைகளுக்கு இடையில் சிறு கிண்ணம் ஒன்றைப் பொருத்தி, அதில் உப்புநீரை ஊற்றி, கருவியின் முனை அந்த நீரைத் தொடும்படி பிடிப்பார்கள். நோகாது, ஆனால் கண்ணுக்குள் நீர் நிற்கும் உணர்வு சிலருக்குப் பிடிப்பதில்லை. முக்கியமான விடயம், கருவியின் முனை கண்ணின் நடு அச்சுக்கு நேராக இல்லாமல் சற்றுச் சரிந்தாலும் விட்டம் மாறித் தெரியும். எனவே ஒரே படத்தை நம்பாமல் பல படங்கள் எடுத்து, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது வழக்கம். பழகிய கை இல்லாத இடத்தில் எடுத்த யு.பி.எம். எண்ணைவிடக் கவனமாக எடுத்த வைட் டு வைட் எண் மேலானதாக இருக்கலாம்.

மற்றையது, ஒளியைக் கொண்டு கண்ணின் முன்பகுதியைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் முன்பகுதி ஓ.சி.டி. இதில் சல்கஸ் தெரியாது; ஆனால் கதிராளியும் விழிவெண்படலமும் சந்திக்கும் இரு மூலைகளுக்கும் இடையிலான தூரம் தெளிவாகத் தெரியும். அந்த இரு மூலைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், இயற்கை வில்லை அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு எழுந்திருக்கிறது என்பதையும் அளக்கலாம். வில்லை எழுச்சி எனப்படும் இந்த எண் மிகவும் பயனுள்ளது. ஒரே விட்டமுள்ள இரண்டு கண்களில், வில்லை அதிகம் எழுந்திருக்கும் கண்ணுக்கு வோல்ட் குறைவாக வரும். வைட் டு வைட் அட்டவணைக்கு இந்த எழுச்சி கண்ணுக்கே தெரியாது. ஜப்பானின் டோமே நிறுவனத்தின் காசியா 2 போன்ற கருவிகளில், என்.கே., கே.எஸ். என்னும் சூத்திரங்கள் வோல்ட் எவ்வளவு வரும் என்பதைத் திரையிலேயே கணித்துக் காட்டுகின்றன.

கொழும்பில் எல்லா வசதிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வைத்தியசாலையில் அளவீட்டையும் இன்னோர் இடத்தில் ஸ்கேனையும் செய்யவேண்டி வந்தால், அது குறையன்று. எந்த எண் எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்பது எழுத்தில் இருக்கவேண்டும். ஓர் இயந்திரத்தின் விட்டத்தையும் இன்னோர் இயந்திரத்தின் அட்டவணையையும் கலந்துவிடாமல் இருக்கவேண்டும். அதுவே முக்கியம்.

எண்ணிலிருந்து அளவுக்கு

அமெரிக்க அட்டவணையின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டால் விடயம் விளங்கும். வைட் டு வைட் 11.2 முதல் 11.4 வரை என்றால் 12.6 வில்லை. 11.7 முதல் 12.1 வரை என்றால் 13.2. இவ்விரண்டுக்கும் நடுவில் 11.5, 11.6 என்று வந்தால் முன்னறையின் உள்ளாழம் தீர்ப்புச் சொல்லும்: 3.5 அல்லது அதற்குக் குறைவு என்றால் 12.6, அதற்கு மேல் என்றால் 13.2.

இப்போது ஒரு கண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். உள்ளாழம் 3.6. ஓர் இயந்திரம் வைட் டு வைட் 11.4 என்கிறது, இன்னொன்று 11.6 என்கிறது. முதல் எண்ணை நம்பினால் 12.6 வில்லை, இரண்டாவதை நம்பினால் 13.2. இடையில் இருப்பது 0.2 மில்லிமீற்றர் அளவீட்டு வேறுபாடு. ஆனால் கண்ணுக்குள் போகும் வில்லை 0.6 மில்லிமீற்றர் மாறிவிடுகிறது, அதனால் வோல்ட் பல நூறு மைக்ரோன் மாறக்கூடும். இத்தகைய விளிம்புநிலைக் கண்கள் அபூர்வமானவையல்ல.

இந்த இடத்தில் வைத்தியர் என்ன செய்யலாம்? யு.பி.எம். அல்லது ஓ.சி.டி. செய்வித்து மூன்றாவது சாட்சியைத் தேடலாம். வில்லை எழுச்சி அதிகமாக இருந்தால் பெரிய அளவை நோக்கியும், முன்னறையின் மூலை ஏற்கனவே ஒடுக்கமாக இருந்தால் சிறிய அளவை நோக்கியும் சாயலாம். இன்னொரு உத்தியும் உண்டு. சல்கஸ் பள்ளம் முழுவட்டம் அல்ல. பெரும்பாலான கண்களில் மேல்கீழ் விட்டம் இடவல விட்டத்தைவிடச் சற்றுப் பெரியது. எனவே கிடையாக வைத்த வில்லையில் வோல்ட் கூடிப்போனால், அதே வில்லையை நிலைக்குத்தாகத் திருப்பிவைத்து வோல்ட்டைக் குறைக்கலாம். சிலிண்டர் திருத்தம் இல்லாத சாதாரண வில்லைக்கு மட்டுமே இது இயலும். டொறிக் வில்லை தனக்குரிய கோணத்தில் நிற்கவேண்டியது; அதைத் திருப்பினால் திருத்தமே கெட்டுவிடும். ஆகவே சிலிண்டர் பவர் உள்ளவர்கள் அளவு விடயத்தில் மற்றவர்களைவிட ஒருபடி கூடுதலாகப் பிடிவாதம் பிடிப்பது நியாயமானது.

சில தயாரிப்பாளர்கள் இன்னும் நெருக்கமான படிகளில் வில்லைகளைச் செய்து தருகிறார்கள். படிகள் நெருங்கினால் பொருத்தமும் நெருங்கும் என்று தோன்றும்; அளவீடு நம்பத்தக்கதாக இருந்தால்தான் அந்த நன்மை கைக்கு வரும். அளவீட்டின் பிழை 0.2 என்றால் 0.25 படி என்பது காகிதத்தில் மட்டுமே அழகாக இருக்கும்.

பழைய தலைமுறை வில்லைகளில், கண்ணின் திரவம் ஓடுவதற்காக முன்கூட்டியே லேசரால் கதிராளியில் துளையிடுவார்கள். ஜப்பானிய வைத்தியர் கிமியா ஷிமிசுவின் யோசனையில் வில்லையின் நடுவிலேயே 0.36 மில்லிமீற்றர் துளை வைக்கப்பட்டபின் அந்தத் தேவை நீங்கியது. ஈவோ என்று பெயர்பெற்ற இந்த வகை ஐரோப்பாவில் 2011 முதலும் அமெரிக்காவில் 2022 மார்ச் முதலும் பயன்பாட்டில் இருக்கிறது. திரவம் துளையூடாகச் சென்று இயற்கை வில்லையின் முன்பக்கத்தை நனைப்பதால், வோல்ட் சற்றுக் குறைந்த கண்களிலும் வெண்புரை அபாயம் முன்னரைவிடத் தணிந்திருக்கிறது. ஆயினும் இதைக் காரணம் காட்டி, அளவு இனிமேல் பெரிதாக முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மிதமிஞ்சிய வோல்ட் மூலையை நெரிப்பதைத் துளை தடுப்பதில்லை.

அளவு என்ற சொல்லுக்குள் இன்னோர் எண்ணும் ஒளிந்திருக்கிறது: பார்வைக்குப் பயன்படும் நடுப்பகுதியின் விட்டம். ஈவோவில் இது 4.9 முதல் 5.8 மில்லிமீற்றர் வரை, பவர் கூடக் கூடச் சுருங்கும். இருட்டில் கண்மணி 7 மில்லிமீற்றர் வரை விரிகிறவர்களுக்கு, காலி வீதியில் எதிரே வரும் வாகன வெளிச்சங்களைச் சுற்றி வளையங்கள் தெரியலாம். இதைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் உங்களுக்குக் குறைவு. ஈவோ பிளஸ் வகையில் நடுப்பகுதி 6.1 வரை பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் அறிந்துவைத்துக்கொள்ளலாம்.

வைத்தியரின் அறையில் கேட்கவேண்டியவை

சனல் அறையில் கிடைக்கும் நேரம் சொற்பம். வெளியே இருபது பேர் இலக்கத்தோடு காத்திருப்பார்கள். கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் வைத்தியர் கோபிக்கமாட்டார். கோபித்தால் அதுவும் ஒரு தகவல்தான். "டொக்டர், எனக்கு எந்த அளவைத் தெரிவுசெய்திருக்கிறீர்கள், அந்த அளவில் வோல்ட் எவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று தொடங்குங்கள். எனது கண் இரண்டு அளவுகளுக்கு இடையிலான விளிம்பில் விழுகிறதா, விழுந்தால் எந்தக் காரணத்துக்காக இந்தப் பக்கம் சாய்ந்தீர்கள் என்பது அடுத்தது. வோல்ட் எதிர்பார்த்தபடி வராவிட்டால் வில்லையை மாற்றுவதற்கான செலவு யாருடையது, மாற்று வில்லை இங்கு வந்துசேர எவ்வளவு காலம் எடுக்கும் என்பவற்றையும் சத்திரசிகிச்சைக்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்வது புத்திசாலித்தனம். வில்லைகள் வெளிநாட்டிலிருந்து, ஒவ்வொரு நோயாளியின் கண்ணுக்கும் தனித்தனியே தருவிக்கப்படுகின்றன. டொறிக் என்றால் பல வாரங்கள் பிடிக்கலாம். டொலர் விலை ஏறி இறங்கும் காலத்தில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டு கண்களையும் ஒரே நாளில் செய்வதா என்பதும் அளவோடு தொடர்புடைய கேள்வியே. விளிம்புநிலைக் கண் என்றால், ஒரு கண்ணை முதலில் செய்து, அதில் வோல்ட் எப்படி வந்தது என்று பார்த்த பின்னர் மற்றக் கண்ணுக்கு அளவை உறுதிப்படுத்துவது சிறந்த முறை என்பது எனது கருத்து. இரண்டு கண்களும் பெரும்பாலும் ஒத்திருப்பதால், முதற் கண்ணே இரண்டாம் கண்ணுக்கான அளவுகோலாகிவிடுகிறது. இன்னொரு தடவை போய்வரும் அலைச்சல் உண்டுதான்.

மதுரைக்கோ சென்னைக்கோ போய்ச் செய்துகொள்வோம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் பலர். அங்கு இத்துறையில் அனுபவம் மிகுந்த கண் வைத்தியசாலைகள் உள்ளன என்பதில் ஐயமில்லை. ஆனால் விமானச் சீட்டுக்கு ஏற்றாற்போலச் சத்திரசிகிச்சையை நெருக்கிவிடாதீர்கள். வில்லை வைத்த மறுநாள் பார்த்த வோல்ட் ஒன்றாகவும் ஒரு மாதத்தின்பின் பார்ப்பது வேறாகவும் இருக்கலாம். கொழும்பில் தொடர்ந்து பார்க்கச் சம்மதிக்கும் கண் வைத்தியர் ஒருவரை, புறப்படுவதற்கு முன்பே ஒழுங்குசெய்துகொண்டு போங்கள். திரும்பும்போது அளவீட்டு அறிக்கைகளின் பிரதிகளை முழுமையாகக் கேட்டு வாங்குங்கள்.

சத்திரசிகிச்சை நாளும் அதன் பின்னரும்

சத்திரசிகிச்சையே குறுகியது. துளி மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வெட்டின் ஊடாகச் சுருட்டிய வில்லையைச் செலுத்தி, உள்ளே அது விரிந்ததும் மூலைகளைக் கதிராளிக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் செருகிவிடுவார்கள். மேசைக்குப் போகுமுன் வில்லைப் பெட்டியில் உங்கள் பெயர், வலமா இடமா, பவர், அளவு ஆகியவை வாசித்துச் சரிபார்க்கப்படுகின்றனவா என்று கேட்டுவைப்பதில் வெட்கம் வேண்டாம்.

முதல் சில மணித்தியாலங்கள் கண்ணழுத்தத்துக்கு உரியவை. சத்திரசிகிச்சையின்போது கண்ணுக்குள் விடப்படும் பசைத்திரவம் சிறிதளவு எஞ்சினாலும் அழுத்தம் உயரலாம். வில்லை அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலும் உயரலாம். அதனால்தான் அன்றே சில மணித்தியாலங்களின் பின் அழுத்தம் அளக்கப்படுகிறது. கடுமையான கண்நோவும் தலையிடியும் வாந்தி உணர்வும் சேர்ந்து வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலையை அழைக்க வேண்டும். காலையில் செய்துகொண்டு அன்றிரவே யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் ஏறுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். மறுநாள் பரிசோதனை முடியும்வரை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்கியிருங்கள்.

மறுநாள் வைத்தியர் பிளவு விளக்கின் முன் உங்களை இருத்தி, ஒடுங்கிய ஒளிக்கீற்று ஒன்றைச் சாய்வாகக் கண்ணுக்குள் செலுத்துவார். அந்தக் கீற்றில் முதலில் விழிவெண்படலம் ஒரு வெளிறிய வில்லாகத் தெரியும், அதன் பின்னால் இருண்ட இடைவெளி, பின்னர் ஐ.சி.எல். மெல்லிய கோடாக, பிறகு இன்னோர் இருண்ட இடைவெளி, அதற்கும் பின்னால் இயற்கை வில்லையின் முன்பரப்பு. ஐ.சி.எல்.லுக்கும் இயற்கை வில்லைக்கும் இடையிலுள்ள அந்த இரண்டாவது இருட்டின் அகலத்தை, முன்னாலிருக்கும் விழிவெண்படலத்தின் தடிப்போடு கண்ணால் ஒப்பிடுவார். படலத்தின் தடிப்பு ஏற்கனவே அளந்து தெரிந்தது, அரை மில்லிமீற்றர் சொச்சம். இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றால் வோல்ட் நடுநிலையில் இருக்கிறது. ஓ.சி.டி. இருந்தால் மைக்ரோன் கணக்கில் எண்ணே கிடைக்கும்.

அந்த எண்ணைக் கண்டு பதறுவதற்கு முன் இரண்டு விடயங்களை நினைவிற்கொள்ள வேண்டும். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும்போது வோல்ட் குறையும், இருட்டில் கூடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒரே வெளிச்சத்தில் எடுத்த எண்களையே ஒப்பிட வேண்டும். இரண்டாவதாக, முதல் வாரங்களில் வோல்ட் சற்று இறங்கி நிலைபெறுவது வழக்கம். முதல் நாளில் 850 என்று வந்து, அழுத்தமும் மூலையும் நன்றாக இருந்தால், வைத்தியர் பெரும்பாலும் பொறுத்திருந்து பார்ப்பார். எண் ஒன்றை மட்டும் பார்த்து யாரும் வில்லையை மாற்றுவதில்லை. மூலை ஒடுங்குகிறதா, அழுத்தம் ஏறுகிறதா, வில்லை இயற்கை வில்லையைத் தொடுகிறதா என்பவற்றையே பார்ப்பார்கள். அவை கெடுமானால், சாதாரண வில்லையைத் திருப்பிவைப்பது, வேறு அளவுள்ள வில்லையால் மாற்றுவது, முற்றாக எடுத்துவிடுவது என்ற வழிகள் திறந்திருக்கின்றன. எடுத்துவிட முடிவது இந்த முறையின் பெரும் நன்மை. ஆனால் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் விழிவெண்படலத்தின் உட்பக்கக் கலங்களில் சிலவற்றை இழக்கிறோம்.

வீடு திரும்பும்போது வில்லையின் வகை, பவர், அளவு, தொடரிலக்கம் எழுதிய சிறு அட்டை ஒன்று தருவார்கள். அதைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டு, மூல அட்டையைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். இயற்கை வில்லை வயதோடு தடித்து முன்னோக்கி வருவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல வோல்ட் மெல்லக் குறையும். பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை வோல்ட், கண்ணழுத்தம், கலங்களின் எண்ணிக்கை, விழித்திரை ஆகிய நான்கையும் பார்ப்பித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் வெண்புரை வந்து சத்திரசிகிச்சை செய்யவேண்டி நேர்ந்தால், முதலில் எடுக்கப்படுவது இந்த வில்லைதான். அன்றைய வைத்தியர் உங்களிடம் கேட்பதும் அந்த அட்டையைத்தான்.